சூசையும் நானும் ஜெயித்த ஆட்டம்

"கொஞ்சம் என் முன்னால வந்து நில்லு மாமு" என்றான் சூசை.

இரண்டாவது செட்டின் நடுவில் பக்கம் மாறும் நேரம். தண்ணீர்ப் பானையருகே நின்றிருந்தோம். அவன் தண்ணீர் குடிக்கவில்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கம்பி வேலியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு இழுத்தான். விளையாட்டுக்குச் செய்கிறான் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பினான். உதடுகள் நாவல்பழம் தின்றது போல் இருந்தன.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. டாக்டரு இந்தப் பக்கம் பாக்குறாரா பாரு."

பார்த்தேன். வலைக்கு அந்தப் பக்கம், பெஞ்சில் உட்கார்ந்து டாக்டர் வரதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் தொழிற்சாலையின் டிஸ்பென்சரி டாக்டர் அவர்தான். அன்றைய டென்னிஸ் இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராளியும் அவர்தான்.

இத்தனை வாரங்களாகத் தொழிற்சாலையில் நான் சிரித்த கதைகளாகவே எழுதி வந்துவிட்டேன். பயந்த கதை ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

கடலோரத்து டென்னிஸ்

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் கடலை ஒட்டி இருந்தது எங்கள் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை. அதை ஆரம்பித்த வெள்ளைக்காரர்கள் மதில் ஓரமாக ஒரு டென்னிஸ் மைதானம் போட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் கப்பல் ஏறிய பிறகு கொஞ்ச காலம் அதில் ஆடுகள்தான் மேய்ந்தன. பிறகு வந்த பெரிய மேனேஜர், அதிகாரி, தொழிலாளி என்ற பேதம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று சொல்லிவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை போட்டி. கோப்பையை அவரே தன் கையால் கொடுப்பார்.

என் வீடு தண்டையார்பேட்டையில். அப்பா தெற்கே இருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். கடையில் உட்காராமல் நான் வார்ப்புப் பிரிவான பவுண்டரியில் சூப்பர்வைசர் வேலைக்குப் போனதே அவருக்குப் பிடிக்கவில்லை. வேலை முடிந்து பந்து அடிக்கிறேன் என்று தெரிந்ததும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சூசை ராயபுரத்துக்காரன். மாதா கோயிலுக்குப் பின்னால் குடித்தனம். அவன் அப்பா ரயில்வே கிளப் ஒன்றில் டென்னிஸ் மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுத்தவர். அதிகாரிகள் நரம்பு அறுந்ததென்று தூக்கிப் போட்ட மட்டைகளைக் கொண்டு ஆடக் கற்றுக்கொண்டான். இடது கைக்காரன். வலைக்குப் பக்கத்தில் அவன் நின்றால் பந்து அவனைத் தாண்டாது. ஆட்டத்தில் சத்தம் போடமாட்டான், பல்லைக் காட்டமாட்டான். புள்ளி எடுத்தால் மட்டையால் தொடையில் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

எங்களை எதிர்த்து ஆடியவர்களில் டாக்டரைச் சொல்லிவிட்டேன். அவருக்கு ஜோடி பர்சனல் ஆபீசர் சபாபதி. ஆளை எடுப்பதும் அனுப்புவதும் அவர் பொறுப்பு. அந்த வருஷம் அவர் அனுப்புவதில்தான் மும்முரமாக இருந்தார். உடம்பு சரியில்லாத இரண்டு பேரை 'வேலைக்குத் தகுதியில்லை' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய சூடு ஆறவில்லை. யாருக்கு இருமல் வந்தாலும் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு இருமிய காலம் அது.

தலைக்கு மேலே

சூசை என்ன வேலை செய்தான் என்று சொன்னால்தான் என் பயம் புரியும்.

பவுண்டரியில் இரும்பை உருக்கிக் குழம்பாக்கி, லேடில் என்கிற பெரிய இரும்பு அண்டாவில் பிடிப்பார்கள். கூரைக்குக் கீழே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓடும் கிரேன் அதைக் கொக்கியில் தூக்கிக்கொண்டு, தரையில் வரிசையாக வைத்திருக்கும் மண் அச்சுகளுக்கு நேரே கொண்டுவரும். சாய்த்து ஊற்றுவோம். கிரேனின் மூலையில் கூண்டு போல ஓர் அறை. அதற்குள் உட்கார்ந்து ஓட்டியவன் சூசை. கீழே அச்சுகளுக்கு நடுவில் பத்துப் பதினைந்து பேரோடு நின்றவன் நான்.

லேடில் மேலே நகர்ந்தாலே உச்சந்தலை காயும். ஆரஞ்சு வெளிச்சம் எல்லோர் முகத்திலும் அடித்துக் கடந்துபோகும். ஒரு சொட்டு ஈரத் தரையில் விழுந்தாலே பட்டாசு மாதிரி வெடிக்கும். புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நிற்பார்கள். நாங்கள் பார்க்கமாட்டோம். மேலே இருப்பது சூசை என்கிற தைரியம்.

அந்தச் சூசைதான் இப்போது வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தான்.

"உண்மையச் சொல்லு" என்றேன்.

"சின்ன வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்துச்சு. அது நெஞ்சுல போய்க் குந்திக்கினு கீதாம். வால்வு சுருங்கிப் போச்சாம். பெரியாஸ்பத்திரில சொன்னாங்க. ரீட்டாவுக்கு மட்டும்தான் தெரியும்."

ரீட்டா அவன் மனைவி.

"எத்தினி நாளா?"

"ஆச்சு. மேல ஏறி உக்காந்தா ஒண்ணும் பேஜாரு இல்ல மாமு. ஏணில ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். ஒரே ஒரு தபா கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. அப்போ லேடில் காலி."

அவன் அதை ஆறுதலாகச் சொன்னான். கடற்காற்று வியர்வையில் பட்டு முதுகு சில்லிட்டது. காலி லேடில். அது காலியாக இல்லாமல் இருந்திருந்தால்?

"போதும். விட்டுக் குடுத்துட்டுப் போயிடலாம்."

"பாதில போனா டாக்டரு ஏன்னு கேப்பாரு. நெஞ்சுல குழாய வெச்சாருன்னா அடுத்த நிமிசம் சபாபதி கையில சீட்டு. வூட்ல ரெண்டு புள்ளைங்க கீது மாமு. ஆடி முடிச்சிடலாம்."

நடுவர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். சூசை முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

மூன்றாவது செட்

முதல் செட்டை நாங்கள் எளிதாக எடுத்திருந்தோம். இரண்டாவது செட் போனது. அதற்குப் பிறகு நான் ஆடியதை டென்னிஸ் என்று சொல்ல முடியாது. பந்து எதிரே வரும். என் கண் பக்கவாட்டில் சூசையின் மார்பைப் பார்க்கும். அவனோ ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான். அவிழாத நாடாவை.

மதில் மேலும் கரிக்குவியல் மேலும் ஏறி நின்ற கூட்டம் ஒவ்வொரு புள்ளிக்கும் கத்தியது. "சூசை, வுடாத!" அந்தக் கூச்சல் கேட்கக் கேட்க எனக்குப் பயம் ஏறியது. யாரும் இவனை ஓட வைக்காமல் இருந்தால் தேவலை.

சபாபதி நல்ல ஆட்டக்காரர். எந்தப் பக்கம் பலவீனம் என்று மோப்பம் பிடித்துவிடுவார். சூசை மெதுவாகிவிட்டதைப் பார்த்து, பந்தை அவன் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிப் போட்டார். சூசை பின்னால் ஓடினான். ஓடி எடுத்தான். ஒவ்வொரு தடவையும் அவன் விழுந்துவிடுவான் என்று, மட்டையைப் போட்டுவிட்டு அவனைத் தாங்கத் தயாராக நின்றேன்.

டாக்டரின் பந்துகள் மட்டும் என்னிடமே வந்தன. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். சூசையின் பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். அங்கே தட்டினால் புள்ளி. அவர் என் மட்டையைத் தேடி அடித்தார். நான் திருப்பி அடித்துப் புள்ளி எடுத்தேன்.

"டாக்டர், அந்தப் பக்கம் போடுங்க சார்!" என்று சபாபதி கத்தினார்.

டாக்டர் தலையை ஆட்டினார். அடுத்த பந்தும் எனக்கே வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆறுக்கு ஐந்து என்று முன்னால் வந்தோம். டாக்டர் சர்வீஸ். அந்தக் காலத்தில் இரண்டு ஆட்ட வித்தியாசம் வரும்வரை செட் முடியாது. ஆறுக்கு ஆறானால் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. முப்பதுக்கு முப்பதில் எனக்குப் போட வேண்டிய இரண்டு சர்வீஸையும் வலையில் அடித்தார். இரண்டும் தவறினால் புள்ளி எதிராளிக்கு. கூட்டம் சிரித்தது. டாக்டருக்குக் கை நடுங்குது என்று எவனோ கத்தினான். இன்னும் ஒரு புள்ளி. எதிர்கொள்ள வேண்டியவன் சூசை. தொடையில் கையை ஊன்றிக்கொண்டு, மட்டை தரையில் தொட நின்றான்.

டாக்டர் பந்தைப் பார்க்கவில்லை. சூசையையே பார்த்தார். முதல் பந்து வலையில். இரண்டாவது பந்து எங்கள் எல்லோரையும் தாண்டிப் பின்வேலியில் போய் மோதியது.

ஜெயித்துவிட்டோம். கூட்டம் உள்ளே ஓடி வந்தது. டாக்டர் வலையைத் தாண்டி வந்து சூசையின் கையைக் குலுக்கினார். குலுக்கிய கையை விடவில்லை. பெரிய மேனேஜர் கோப்பையோடு வந்தார், போட்டோக்காரர் வந்தார். டாக்டர் சிரித்தபடியே சூசையின் மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டு நின்றார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் மட்டும்தான்.

"நாளைக்கு நீ கிரேன் ஏறக் கூடாது" என்றார் மெல்லிய குரலில்.

கோப்பையே சாட்சி

டாக்டர் தன் கடமையைச் செய்தார். கிரேன் ஏறத் தகுதியில்லை, உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கலாம் என்று எழுதி அனுப்பினார். வேலை போகாமல், உயிரும் போகாமல் இருக்க அவருக்குத் தெரிந்த வழி.

சபாபதி நம்பவில்லை. நம்பாததற்கு அவரிடம் காரணம் இருந்தது. மூன்று செட் ஓடி ஆடி, ஆயிரம் பேர் முன்னிலையில் அவரையே தோற்கடித்த ஆள் நெஞ்சு நோயாளியா? மறுநாளே பெரிய மேனேஜர் அறைக்கு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள்.

"இவன் கையில நீங்கதானே சார் கோப்பையக் குடுத்தீங்க?" என்றார் சபாபதி. "இவனுக்கு லேசான வேலைன்னா, நாளைக்கு பவுண்டரியே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வந்து நிக்கும்."

பெரிய மேனேஜர் டாக்டரைப் பார்த்தார்.

"அந்த ஆட்டத்தை அவங்க ஜெயிக்கல. நான் தோத்தேன்" என்றார் டாக்டர். "ரெண்டாவது செட்லயே அவன் உதட்டைப் பாத்தேன். அங்க நிறுத்தியிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சு அவன் வேலை போயிருக்கும். நிறுத்தாம ஆடியிருந்தா உயிர் போயிருக்கும். அவன ஓட வைக்காம சீக்கிரம் முடிக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி தோக்கறதுதான்."

சபாபதியின் காது மடல் சிவந்தது. தன் ஜோடியே தன்னைத் தோற்கடித்திருக்கிறார் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "எதை வெச்சு நம்பறது? ஏற முடியலன்னா வீட்டுக்குப் போகட்டும்" என்றார்.

பெரிய மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்துல இருந்தீங்க. டாக்டர் எப்படி ஆடினார்?"

எந்தப் பந்து யாருக்கு வந்தது என்று சொன்னேன். ஒரு டென்னிஸ் ஆட்டம் ஏன் அப்படி முடிந்தது என்பதில் ஒரு குடும்பத்தின் சோறு தொங்கியது.

"அந்தக் கிரேனுக்குக் கீழ நிக்கிறது நீங்கதானே? இவர் ஏறலாமா?"

சூசை சுவரோரமாக நின்றிருந்தான். அவனைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "ஏறக் கூடாது சார்" என்றேன்.

சூசை ஓரடி முன்னால் வந்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். டாக்டரு ஏதோ தப்பா நெனச்சிக்கினாரு. ஷிப்டு நேரம் ஆவுது. நான் ஏறுறேன்."

டாக்டர் எழுந்துவிட்டார். "வேண்டாம் சார்."

"அவனே ஏறுறேன்னு சொல்றானே" என்றார் சபாபதி. பெரிய மேனேஜர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மௌனத்தை அனுமதியாக எடுத்துக்கொண்டு சூசை கதவைத் திறந்து வெளியே நடந்தான்.

ஏணி

பவுண்டரிக்குள் கிரேன் கூண்டுக்கு ஏறுவதற்குத் தூணோடு சேர்த்து அடித்த இரும்பு ஏணி. மூன்று மாடி உயரம் இருக்கும். உலை எரிந்துகொண்டிருந்ததால் மேலே போகப் போக வெக்கை. நாங்கள் பின்னாலேயே ஓடினோம். என்ன நடக்கிறது என்று தெரியாமல் வேலைக்காரர்கள் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு நின்றார்கள்.

சூசை நிதானமாக ஏறினான். பாதி உயரம் வரை ஒன்றும் இல்லை. சபாபதி என்னைத் திரும்பிப் பார்த்தார், 'பார்த்தீர்களா' என்பது போல.

அப்புறம் இருமல் கேட்டது. சூசை நின்றான். வலது கை கம்பியிலிருந்து நழுவித் தொங்கியது. இடது கையை முழங்கை மடிப்பில் கம்பிக்குள் கொடுத்து மாட்டிக்கொண்டு, நெற்றியை ஏணியில் முட்டுக்கொடுத்தான். நேர் கீழே, அப்போதுதான் ஊற்றிய அச்சுகள் சிவந்து புகைந்துகொண்டிருந்தன.

"அசையாதே! அப்படியே இரு!" என்று டாக்டர் கத்தினார்.

நான் எப்போது ஏணியில் கால் வைத்தேன் என்று தெரியாது. அவனுக்குப் பின்னால் போய், இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்து, என் உடம்பால் அவனை ஏணியோடு அழுத்திக்கொண்டேன். அவன் நெஞ்சு அடிப்பது என் மார்பில் தெரிந்தது. அது அடிப்பு இல்லை. கூண்டுக்குள் மாட்டிய பறவை தாறுமாறாக மோதுவது போல இருந்தது. இதோ நின்றுவிடும் என்று ஒவ்வொரு நொடியும் நினைத்தேன்.

"மாமு, கண்ணு இருட்டுது."

"நான் கீறேன். கையை வுடாத."

அவனை இறக்க வேண்டும். அவன் கால் அடுத்த படியைத் தேடியது, கிடைக்கவில்லை. எனக்கோ கையை எடுக்க வழியில்லை. அப்போது கீழே யாரோ ஏறி வரும் சத்தம். குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. சபாபதி. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"கால என்கிட்ட குடு சூசை. நான் வெக்கிறேன்" என்றார்.

சூசையின் கணுக்காலைப் பிடித்து ஒரு படியில் வைத்தார். பிறகு அடுத்த கால். நானும் இறங்கினேன். மறுபடியும் ஒன்று. "அவ்ளோதான், இதோ வந்துட்டோம், இதோ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தரையைத் தொட்டதும் சூசையைப் படுக்கவைத்தோம். டாக்டர் டிஸ்பென்சரியிலிருந்து வரவழைத்த ஊசியோடு காத்திருந்தார். சபாபதி கரிச் சட்டையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்யா ஏறின? நான் சொன்னா ஏறிடுவியா?" என்று கேட்டார்.

டூல் ஸ்டோர் ஜன்னல்

சூசை பிழைத்தான். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பியபோது, கருவிகளை எடுத்துக் கொடுக்கும் டூல் ஸ்டோரில் அவனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். உத்தரவில் கையெழுத்து சபாபதியுடையது. அந்த வேலையிலேயே பல வருஷம் இருந்தான். மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினான்.

அன்றைக்கு அவனுக்கு எதிராக நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகளுக்குப் பிறகு அவன் என்னோடு பேசுவானா என்று பயந்துகொண்டே இருந்தேன். ஸ்டோருக்கு வேறு ஆட்களை அனுப்பிச் சாமான் வாங்கினேன். ஒரு மத்தியானம் அனுப்ப ஆள் இல்லை. நானே போனேன்.

ஜன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். உதட்டில் நிறம் வந்திருந்தது.

"இன்னா மாமு, வயி தெரிலியா? இத்தினி நாளு?"

"உன் மேல சொன்னேனே சூசை, அதான்..."

"அட வுடு. நீ சொன்னது கரீட்டுதான். எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனச்சியா? கண்ணு இருட்டுனதுல இருந்து தெனமும் பயந்துகினுதான் ஏறுவேன்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஜன்னல் கம்பியருகே முகத்தைக் கொண்டுவந்தான். "ஆனா ஒண்ணு. லேடிலத் தூக்குனா, மொதல்ல நீ எங்க நிக்கறேன்னு பாப்பேன். உன் தலைக்கு மேல ஒரு நாளும் நான் கொண்டு போனதில்ல. மாதா மேல சத்தியம். சுத்திக்கினுதான் போவேன்."

சிரித்தான். நானும் சிரித்தேன். கேட்ட சாமானைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு பவுண்டரிக்குத் திரும்பினேன். வாசலில் நின்று, அச்சுகளுக்கு நடுவே குனிந்து வேலை செய்துகொண்டிருந்த எங்கள் ஷிப்டு ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

அப்படியானால் யார் தலைக்கு மேல் கொண்டு போனாய் என்று நான் அவனைக் கேட்கவில்லை. கடைசி வரை கேட்கவில்லை.